சான்று கேட்கும் சட்டம்



எகிப்தில் அடிமைப்பட்டிருந்த இஸ்ரவேலரை மோசே மீட்டு வந்ததாக விவிலியத்தின் யாத்திராகமம் சொல்கிறது. அது நடந்ததா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. 1896-இல் கண்டெடுக்கப்பட்ட எகிப்திய மன்னர் மெர்நெப்தாவின் கல்வெட்டில் இஸ்ரவேல் என்ற பெயர் இருக்கிறது. அதன் வயது சுமார் 3,200 ஆண்டுகள். ஆனால், அடிமைகள் வெளியேறியதைச் சொல்லும் எகிப்தியக் கல்வெட்டு எதுவும் கிடைக்கவில்லை. கணக்கு எழுதும் கை என்றுமே எஜமானருடையதுதானே!

நம் திருவண்ணாமலை மாவட்டத்திலும் இந்த அடிமைத் துயரம் உண்டு. செங்கல் சூளையிலும் மரம் வெட்டும் வேலையிலும் முன்பணம் வாங்கிச் சிக்கிக்கொண்ட இருளர் குடும்பங்கள் பல. கணக்கு நோட்டு முதலாளியிடம் இருக்கும். எவ்வளவு உழைத்தாலும் பாக்கி தீராது.

1976-ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் இந்த நிலையைத் தலைகீழாக்கியது. வாங்கிய முன்பணத்தைக் கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி சொன்னால், அது அப்படி இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் கடன் கொடுத்தவரே. அந்தக் கடனை அடைக்கும் பொறுப்பும் தொழிலாளிக்கு இல்லை. கொத்தடிமை வேலை வாங்கினால் 3 ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு.

மீட்கப்பட்டவர் கட்டாயம் கேட்டு வாங்க வேண்டியது விடுதலைச் சான்றிதழ். மறுவாழ்வு உதவிக்கு அதுவே அடிப்படை. முன்பணத்தைக் காட்டி யாரையாவது வெளியே விடாமல் வைத்திருப்பது தெரிந்தால், கோட்டாட்சியரிடமோ மாவட்ட ஆட்சியரிடமோ உடனே சொல்லுங்கள். உங்கள் ஒரு சொல்லால் ஒரு குடும்பம் மீளும்.