மழைக்கு முன்னாடி குழி வெட்டிய மனிதர்

மழை விழுந்த பிறகுதான் மானாவாரி நிலத்தில் வேலை என்று நம்மில் பலர் இருக்கிறோம். மழைக்கு முன்னாடியே, காய்ந்த காலத்திலேயே வேலையைத் தொடங்கிய ஒரு விவசாயியின் கதைதான் 'பாலைவனத்தைத் தடுத்த மனிதர்' என்ற ஆவணப்படம். மார்க் டாட் இயக்கி 2010இல் வெளிவந்தது.

மேற்கு ஆப்பிரிக்காவில் புர்கினா ஃபாசோ நாட்டின் வடபகுதி. 1980களின் தொடக்கம். வறட்சி தாங்காமல் ஜனங்கள் ஊரைக் காலி செய்கிறார்கள். அந்த நேரத்தில் யாகூபா சவடோகோ என்பவர் சந்தைக் கடையை விட்டுவிட்டு நிலத்துக்குத் திரும்புகிறார். மண்ணோ, மேலே ஓடு கட்டி இறுகிக் கிடக்கிறது. பெய்கிற மழையும் நிற்காமல் ஓடிவிடும்.

அவர் கையில் எடுத்தது பாட்டன் காலத்து 'ஸாய்' குழி. அதை இன்னும் அகலமாக, ஆழமாக வெட்டி, உள்ளே சாண எருவைப் போட்டார். எருவைத் தேடிக் கரையான் வந்தது. அது குடைந்த வழியாகத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கியது. நாம் மருந்தடித்து விரட்டும் கரையான், அங்கே கூலி கேட்காத உழவன்! ஓடும் நீரைத் தடுக்கக் கல் வரப்பும் போட்டார். சோளமும் கம்பும் விளைந்தன. எருவோடு வந்த விதைகள் முளைத்தபோது பிடுங்காமல் விட்டார். வருஷக்கணக்கில் அதுவே காடானது.

பைத்தியம் என்றார்கள். காட்டுக்குத் தீயும் வைத்தார்கள். மறுபடியும் நட்டார். தெரிந்ததை மற்ற விவசாயிகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார்.

இவ்வளவுக்குப் பிறகும் நகரம் விரிந்தபோது அந்தக் காட்டுக்கே ஆபத்து வந்தது. மண்ணை உயிராக்கியவருக்கு அந்த மண் சொந்தமில்லையாம்! 2018இல் 'மாற்று நோபல்' எனப்படும் விருது அவரைத் தேடி வந்தது. 2023 டிசம்பரில் காலமானார். மண்ணைக் காப்பதோடு நில உரிமையையும் காக்க வேண்டும் என்பது இந்தப் படம் சொல்லும் இரண்டாவது பாடம்.

கோடையில் ஊர்க்கூட்டத்தில் இதைப் போட்டுக் காட்டுங்கள். பார்த்துவிட்டுக் கைதட்டினால் போதாது. இறுகிப்போன நிலம் இருந்தால் ஐந்து சென்டில் மட்டும் குழி வெட்டிப் பாருங்கள். ஒரு சாண் அகலம், அதைவிடக் கொஞ்சம் குறைவான ஆழம், குழிக்கு இரண்டு கை மக்கிய தொழு உரம். தண்ணீர் தேங்கும் களிமண்ணுக்கு இது வேண்டாம். வேலை அதிகம்தான், மறைக்கவில்லை. ஆனால் மழை வரும்போது அதைப் பிடிக்க நம் நிலம் தயாராக இருக்கும்.