தீபாவளிக்கு மணிக்கணக்கு

அமெரிக்காவில் அக்டோபர் 31ஆம் தேதி ஹாலோவீன் பண்டிகையன்று சிறுவர்கள் பேய் வேஷம் பூண்டு வீடு வீடாய்ச் சென்று மிட்டாய் கேட்பது வழக்கம். வர்ஜீனியா மாகாணத்துச் செஸபீக் நகரில், 12 வயது கடந்தவர் இவ்விதம் சென்றால் சிறைவாசம் என்று 1970இல் ஒரு விதி ஏற்பட்டது. 2019இல் அந்த நகரசபையே கூடி, வயதை 14ஆக உயர்த்திச் சிறைத் தண்டனையை நீக்கிற்று. இரவு 8 மணிக்கு மேல் கூடாதென்ற விதி மட்டும் நின்றது.

நமது தீபாவளி விதி ஊரார் செய்ததன்று. 2018 அக்டோபர் 23ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டார், இரவு 8 முதல் 10 மணி வரையே பட்டாசு வெடிக்கலாமென்று உத்தரவிட்டனர். மாலையில் லக்ஷ்மி பூஜை செய்யும் வடநாட்டாருக்கு அது பொருந்தும். நமக்கோ விடியுமுன் எண்ணெய் தேய்த்து நீராடிப் புத்தாடை உடுத்து வெடி கொளுத்துவதே தீபாவளி. தமிழ்நாடு ஸர்க்கார் முறையிட்டதன்மேல், அக்டோபர் 30ஆம் தேதி, இரண்டு மணிக்கு மேற்படாமல் நேரத்தை மாற்றிக்கொள்ள அனுமதி கிடைத்தது. ஸர்க்கார் குறித்ததோ காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை. இரவு 10 முதல் காலை 6 வரை வெடியோசை கூடாதென்னும் 2005ஆம் வருஷத் தீர்ப்பு முன்பே இருந்தது. ஐப்பசியில் ஆறு மணிக்குப் பெரம்பலூரில் கிழக்கு வெளுத்துவிடும். நாலரை மணிக்கே ஸ்நானம் முடித்த சிறுவன் தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்திருக்க வேண்டியதுதான்!

நேரந்தவறி வெடித்தவர்கள்மேல் அவ்வருஷமே போலீஸார் வழக்குப் பதிந்தனர். அதற்கு உதவியது 1860இல் வெள்ளையர் இயற்றிய தண்டனைச் சட்டத்தின் 188ஆம் பிரிவு.

கட்டுப்பாடே வேண்டாமென்பது நமது கட்சியன்று. புகையால் நோயாளிகள் படும் அவஸ்தை மெய். அரியலூர் ஜில்லா கரைவெட்டி ஏரிக்கு வடதிசையிலிருந்து பறவைகள் வருகின்றன. 2024இல் அது ராம்ஸார் ஜாபிதாவில் சேர்ந்தது. சிவகங்கை ஜில்லா கொள்ளுகுடிப்பட்டியார் வேட்டங்குடிக் கண்மாய்ப் பறவைகளுக்காகப் பல்லாண்டுகளாய்த் தீபாவளிக்கு வெடிப்பதே இல்லை. போலீஸாருக்கு அங்கே வேலையில்லை. ஊரார் தாமே செய்துகொண்ட ஏற்பாடு அது.

கடிகாரத்தில் இத்தனை கண்டிப்புக் காட்டும் அதிகாரிகள் ஆலைகளில் காட்டினார்களா? 2023 அக்டோபர் 9ஆம் தேதி, தீபாவளிக்கு ஒரு மாதமே இருக்கையில், அரியலூர் ஜில்லா விரகாலூரில் பட்டாசு ஆலை வெடித்துத் தொழிலாளர் பலர் மாண்டனர். மாண்டவர்கள் எந்த மணியையும் மீறியவர்கள் அல்லர்.

அக்டோபர் 2ஆம் தேதி காந்தி ஜயந்தியன்று கிராம சபைகள் கூடுகின்றன. தீபாவளி அதன்பின்னரே வருகிறது. கரைவெட்டியைச் சூழ்ந்த ஊரார் கொள்ளுகுடிப்பட்டியைப் போல் மௌனம் காப்பதா என்று அங்கே தீர்மானிக்கலாம். மற்ற ஊரார், மொத்த நேரத்தில் ஒரு நிமிஷமும் கூட்டாமல், காலை மணியை 5 முதல் 6 வரை மாற்றும்படி கோர்ட்டாரை அணுக ஸர்க்காரைக் கேட்கலாம். விரகாலூருக்குப் பின் தங்கள் பக்கத்து ஆலைகளில் என்ன சோதனை நடந்ததென்பதையும் அதே கூட்டத்தில் அதிகாரிகளிடம் எழுத்து மூலம் கேட்கட்டும்.