மெயில் லிஸ்ட்டை விலைக்கு வாங்கலாமா?

வீட்டிலிருந்தே மசாலாப் பொடி மாதிரி ஏதாவது விற்கிறீங்களா? ‘10,000 மெயில் ஐடி, சில ஆயிரம் ரூபாய்தான்’ என்று யாராவது வந்தால் வாங்காதீங்க.

ஏன்? உங்களைத் தெரியாதவர்கள் ‘ஸ்பேம்’ பட்டனைத் தட்டிவிடுவார்கள். 1,000 மெயிலுக்கு 3 பேர் தட்டினாலே ஜிமெயிலின் 0.3% வரம்பைத் தொட்டுவிடுவீங்க. பிறகு, உங்கள் வாடிக்கையாளர் விரும்பிக் கேட்ட மெயிலும் ஸ்பேமுக்குப் போகலாம்.

சட்டம் என்ன சொல்லுது? படிப்படியாக அமலாகும் 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, ஒப்புதலை வாடிக்கையாளரே தெளிவாகத் தர வேண்டும். நீங்களே டிக் போட்டு வைத்த பெட்டி போதாது. விலகுவதும் சேர்ந்த அளவுக்கு எளிதாக இருக்கணும்.

அப்போ லிஸ்ட்டை எப்படி வளர்ப்பது?

* பார்சலுக்குள் க்யூஆர் கோடு அட்டை ஒன்று வையுங்க. ‘மாதம் ஒரு சமையல் குறிப்பு, புதுப் பொடி வந்தால் தகவல்’ என்று என்ன வரும், எத்தனை முறை வரும் என்பதைச் சொல்லிடுங்க.
* சேர்ந்தவருக்கு உறுதிப்படுத்தும் மெயில் அனுப்புங்க. தப்பான முகவரிகள் அங்கேயே கழிந்துவிடும்.
* ஆறு மாதமாகத் திறக்காதவரிடம் ‘தொடரட்டுமா?’ என்று கேளுங்க. பதில் இல்லையா? நீக்கிடுங்க.

அடுத்த 20 பார்சலில் அட்டையை வைத்துப் பாருங்க. அதிலிருந்து வரும் நாலு பேர்கூட உங்கள் பொடியைச் சமைத்துப் பார்த்தவர்கள்தான்.