கத்திரிக்காய் கணக்கு தெரியுமா?

விடிகாலை நாலு மணிக்கு பாலக்கரை ரவுண்டானா பக்கம் போயிருக்கீங்களா? செகண்ட் ஷோ பார்த்துட்டு வந்த கோஷ்டிகூட அப்போ குறட்டையில் இருக்கும். ஆனால், காய் மூட்டை ஏற்றி வரும் வண்டிகளுக்கு அதுதான் பீக் அவர். ஒரு பக்கம் போனால் காந்தி மார்க்கெட், இன்னொரு பக்கம் தென்னூர் உழவர் சந்தை. மூட்டை எந்தப் பக்கம் திரும்புகிறதோ, அதைப் பொறுத்து விவசாயி கையில் கிடைக்கும் காசும் மாறும்.

லால்குடி, முசிறி பசங்க இல்லாத ஹாஸ்டல் திருச்சியில் ஏது? 'நாமளே நேரா வித்தா செம லாபம்ல?' என்று அதில் ஒருத்தராவது கேட்டிருப்பார். வாங்க, கணக்குப் போட்டே பார்த்துடலாம்.

1999 நவம்பர் 14-ல் மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை தொடங்கியது. நடுவில் ஆள் கிடையாது. பயிர் வைத்திருப்பதைச் சரிபார்த்து அடையாள அட்டை தருவார்கள். கடைக்கு வாடகை இல்லை, தராசும் அங்கேயே கிடைக்கும். மொத்த விலையைவிட சுமார் 20 சதவிகிதம் கூடுதல், வெளியில் சில்லறை விலையைவிட சுமார் 15 சதவிகிதம் குறைவு... இதுதான் அங்கே விலை வைக்கும் முறை. காலையிலேயே போர்டில் எழுதிப் போட்டுடுவாங்க.

இப்போ ஒரு சும்மா கணக்கு. மண்டியில் கத்திரிக்காய் கிலோ 20 ரூபாய், கமிஷன் பத்து பர்சன்ட் என்று வைப்போம். 50 கிலோ கொடுத்தால் கையில் 900. அதே காய் சந்தையில் 24 ரூபாய்; எல்லாம் வித்தால் 1,200. ஆஹா, 300 ரூபாய் லாபம்!

அவசரப்படாதீங்க. எல்லாமும் விற்றுவிடுமா என்ன? கடைசியில் எட்டு கிலோ வாடிப்போய் பத்து ரூபாய்க்குத் தள்ளினால் மொத்தம் 1,088. டீ, டிபன், பஸ்ஸுக்கு 60 போனால் மிச்சம் 128 ரூபாய். நாலு மணிக்கு எழுந்து உச்சிப்பொழுதுவரை உட்கார்ந்ததற்குக் கூலி அவ்வளவுதான்! அப்பாவோட உழைப்பை யாரும் செலவுக் கணக்கில் எழுதுவதே இல்லை. லாபம் மாதிரி தெரிவதில் பாதி அதுதான்.

அப்போ நேரடி விற்பனை வேஸ்ட்டா? இல்லை பாஸ், ஒரே காயை மலையா கொட்டி வைப்பதுதான் தப்பு. கத்திரி 15 கிலோ, வெண்டை பத்து, ரெண்டு வகை கீரை, கொஞ்சம் பச்சை மிளகாய் என்று கலந்து வைத்தால், வர்ற அக்கா ஒரே இடத்தில் பையை நிரப்பிக்கிட்டுப் போவாங்க. வாடுவதும் குறையும். கீரை நல்லா இருந்தால் அடுத்த வாரமும் உங்க கடையைத்தான் தேடுவாங்க.

மிச்சத்தைச் சமைத்து விற்கலாமே? லாபம் அங்கேதான் ஏறும். ஆனால், சட்டமும் அங்கேதான் குறுக்கே வரும். 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டம் வயலில் விளைந்ததை விற்கும் விவசாயியைத் தொடாது. அதையே நேந்திரன் சிப்ஸா போட்டு விற்றால், சின்ன வியாபாரி என்றாலும் பதிவு வேணும். இன்னொரு விஷயம்... தோலும் தண்ணியும் போக, ஒரு கிலோ சிப்ஸுக்கு மூணு நாலு கிலோ காய் காலியாகும். எண்ணெய், கேஸ், பாக்கெட் எல்லாம் தனி. காய் விலையையும் சிப்ஸ் விலையையும் பார்த்து வாயைப் பிளக்கும் முன்னாடி இதையெல்லாம் கழிச்சுப் பாருங்க.

நம்ம மாவட்டத்திலேயே இதில் ஜெயிச்ச ஊர் மணப்பாறை. ரயில் ஜன்னல் ஓரம் பயணிகளிடம் நேரடியாக விற்றே பேர் வாங்கிய முறுக்கு அது. 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. அதனால், கல்ச்சுரல்ஸ் ஸ்டாலுக்காக பாலக்கரையில் முறுக்கு சுட்டுவிட்டு, பாக்கெட்டில் 'மணப்பாறை' என்று ஒட்டிடாதீங்க. 'பாலக்கரை முறுக்கு'ன்னே தைரியமா போடுங்க!