வேகவீச்சாளரும் ட்றைவர் மட்டையும்
தலை, தண்டு ஆகியவற்றின் தெரிவு பற்றிய ஒரு விளக்கம்

கோல்ப் விளையாட்டிற் பயன்படும் ஒரு மட்டையைப் பற்றித் தமிழில் ஆராயப் புகும்போது, இத்தகைய பொருளுக்கு இவ்விதழில் என்ன இடம் என்ற வினா எழுவது இயல்பே. இலங்கைக்கு இவ்விளையாட்டு பிரித்தானிய ஆட்சியாளரோடும் தோட்டத் துரைமாரோடும் வந்து சேர்ந்தது. கொழும்புக் கழகம் 1879 இலும் நுவரெலியாக் கழகம் 1889 இலும் தோன்றின. பெருநிலத்தையும் பெரும் பொருளையும் வேண்டி நிற்பதனால் அது இன்றும் பொதுமக்களின் விளையாட்டாகவில்லை. எனினும், மனித உடலின் இயக்கம், உலோகவியல், பௌதிகவியல், வணிக விளம்பரம் ஆகிய நான்கும் ஒரு சிறு கருவியிலே எவ்வாறு சந்திக்கின்றன என்பதை அறிய, ட்றைவர் எனப்படும் மட்டையைப் போல வாய்ப்பான எடுத்துக்காட்டு வேறொன்று கிடைத்தல் அரிது. அதனை விற்போர் கூறுவதற்கும் விஞ்ஞானம் கூறுவதற்கும் இடையிலுள்ள தூரம் பெரிது. அத்தூரத்தை அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கருவியின் வளர்ச்சி

துவாரத்தின் தொடக்கத்தில் பந்தை மிகத் தொலைவுக்கு அடிக்கப் பயன்படும் மட்டையே ட்றைவர் ஆகும். நெடுங்காலம் அதன் தலை மரத்தினாலானது. நம் நாட்டுக் கருங்காலியின் இனத்தைச் சேர்ந்த, வட அமெரிக்காவில் வளரும் பேர்சிமன் மரமே அதற்குச் சிறந்ததெனக் கருதப்பட்டது. தண்டு ஹிக்கரி மரத்தினாலானது. இம்மரத்தண்டு வளைவதோடு மிகுதியாக முறுகவுஞ் செய்தது. ஆகவே, தலையின் முகம் பந்தை நேராகச் சந்திக்கும் கணத்தைத் தன் கைப்பழக்கத்தினாலேயே ஆட்டக்காரர் கண்டறிய வேண்டியிருந்தது. ஒருவருக்குப் பழகிய தண்டு மற்றொருவருக்கு உதவாது. 1929 இல் சென் அன்றூசிலுள்ள றோயல் அன்ட் ஏன்ஷன்ட் கழகம் உருக்குத் தண்டுக்கு அனுமதி வழங்கியது. அதன்பின் ஒரே அச்சிலே வார்த்தாற்போன்ற தண்டுகளைத் தொழிற்சாலைகள் பெருந்தொகையாக உற்பத்தி செய்யத் தொடங்கின.

1969 இல் பிராங் தோமஸ் என்னும் பொறியியலாளர் காபன் இழைத் தண்டை உருவாக்கினார். வழக்கில் இது காரீயத் தண்டு எனப்படினும், போகலைச் சுரங்கத்திற் கிடைக்கும் காரீயத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பில்லை. செயற்கை இழைகளைக் கரியாக்கிப் பிசினிற் பிணைத்துச் செய்யப்படுவது இது. 1979 இன் பின்னர் துருவேறா உருக்குத் தலைகள் பரவின. 1990 களின் நடுப்பகுதியில் தைத்தேனியம் அவ்விடத்தைப் பிடித்தது. வலிமை மிக்கதும் இலேசானதுமான இவ்வுலோகத்தால், திணிவைக் கூட்டாமலே தலையின் கனவளவைப் பெருக்க முடிந்தது. பேர்சிமன் தலை 200 கன சதமமீற்றரை எட்டுவதே அரிது. இன்றைய தலைக்கு விதி வகுத்துள்ள உச்ச வரம்போ 460 கன சதமமீற்றர் ஆகும்.

மோதும் கணத்தில் நிகழ்வது

மணிக்கு 110 மைலுக்கு மேற்பட்ட கதியில் மட்டைத் தலையை இயக்குபவரை ஈண்டு வேகவீச்சாளர் என்போம். அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரரின் சராசரிக் கதி ஏறத்தாழ 115 மைல். அதாவது செக்கனுக்கு 51 மீற்றர். 200 கிராம் திணிவுள்ள தலையொன்று இக்கதியில் 46 கிராம் பந்தை மோதும்போது, இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஒரு செக்கனின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கேயாகும். அந்நேரத்திற் பந்தின்மீது தொழிற்படும் சராசரி விசை ஏறத்தாழ 7000 நியூற்றன். 700 கிலோகிராம் எடையைப் பந்தின்மேல் வைத்தாற்போன்றது.

பந்து எவ்வளவு கதியுடன் புறப்படும் என்பதை உந்தக்காப்பு விதியும் மீளமைவுக் குணகமும் தீர்மானிக்கின்றன. விதி அனுமதிக்கும் உச்சக் குணகம் 0.83. மேற்கூறிய திணிவுகளைக் கொண்டு கணித்தால், பந்தின் கதி தலையின் கதியைப்போல ஏறத்தாழ 1.49 மடங்காகும். தலையின் திணிவை 210 கிராமாக்கினால் இது 1.50 ஆகும். ஐந்து வீதத் திணிவு கூடியும் பயன் ஒரு வீதத்துக்குங் குறைவே. பாரங்கூடியதால் வீச்சின் கதி சற்றே தளர்ந்தாலும் அப்பயன் மறைந்துவிடும். சட்டத்துக்குட்பட்ட எல்லா மட்டைகளும் இவ்வெல்லையை ஏற்கனவே நெருங்கிவிட்டன. ஆகவே, பந்தை மையத்தில் அடிப்பவருக்கு இவ்வாண்டின் மட்டை சென்ற ஆண்டின் மட்டையிலும் பெரும் வேகத்தைத் தருமென்ற விளம்பரம் கணிதத்தின் முன் நிற்கமாட்டாது. வேறுபாட்டை வேறிடத்தில் தேடவேண்டும்.

தலையைத் தெரிதல்

முதலாவதாகக் கருதவேண்டியது முகத்தின் சாய்கோணம். பந்து காற்றில் நிலைப்பதற்கு அதன் பின்சுழற்சியே காரணம் என்பதை எடின்பரோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பீற்றர் கத்ரி டெயிற் 1890 களிலேயே விளக்கினார். பின்சுழற்சி பந்தை மேலே உயர்த்தும் விசையைத் தருகின்றது. அவ்விசை கதியோடு பெருகுவது. ஆகவே மெதுவாக வீசுபவருக்கு உதவும் சுழற்சி வேகவீச்சாளருக்குத் தீங்காகின்றது. அவரது பந்து பட்டம்போல மேலெழுந்து, முன்னே செல்லாமல் வீழ்கின்றது; எதிர்க்காற்றில் இக்குறை இரட்டிப்பாகின்றது. 115 மைல் கதியுடையவருக்கு நிமிடத்துக்கு 2200 முதல் 2600 வரையான சுழற்சிகளும் 11 முதல் 14 பாகை வரையான எழுகோணமும் ஏற்றவையெனப் பொதுவாகக் கொள்ளப்படுகின்றன. இதற்கு 8 முதல் 10½ பாகை வரையான சாய்கோணமுள்ள தலைகள் பொருந்தும்.

ஆயினும் மட்டையிற் பொறிக்கப்பட்ட எண்ணை மட்டும் நம்புதல் தகாது. தலை பந்தை மேல்நோக்கி அணுகுகின்றதா, கீழ்நோக்கி அணுகுகின்றதா என்பது முக்கியமானது. மோதும் கணத்தில் முகத்தின் சாய்வுக்கும் அணுகுகோணத்துக்கும் இடையிலுள்ள வேறுபாடே சுழற்சியைப் பெரிதும் நிர்ணயிக்கின்றது. 2020 இல் விங்ட் வுட் மைதானத்தில் ஐக்கிய அமெரிக்கப் பகிரங்கப் போட்டியை வென்ற பிரைசன் டி ஷம்போ 5½ பாகைத் தலையைக் கையாண்டார். வலிந்து மேல்நோக்கி வீசும் அவருக்கு அது பொருந்திற்று. கீழ்நோக்கி வீசும் ஒருவர் அதைப் பின்பற்றினால் பந்து எழாமலே தரையை நாடும். வெற்றியாளரின் கருவியை வாங்குதல் அவரின் வீச்சை வாங்குதல் ஆகாது.

இரண்டாவதாகக் கருதவேண்டியது ஈர்வை மையத்தின் இடம். அது முகத்தை நெருங்கித் தாழ்ந்திருந்தால் சுழற்சி குறையும். பின்னே தள்ளியிருந்தால் தலையின் சடத்துவத் திருப்பம் கூடும். மையம் தவறி அடித்தாலும் தலை எளிதிற் சுழலாது. ஒன்றைப் பெறுவதற்கு மற்றொன்றில் ஒரு பகுதியை இழக்கவேண்டும் என்பதே வடிவமைப்பாளரை எதிர்நோக்கும் அடிப்படை முரண்பாடு. நிலைக்குத்தச்சைப் பற்றிய சடத்துவத் திருப்பத்துக்கு விதி 5900 கிராம் சதுர சதமமீற்றர் என வரம்பிட்டுள்ளது. அண்மைக்காலத்தில் 10,000 என்ற எண் விளம்பரங்களில் இடம்பெறுகின்றது. அது வெவ்வேறான இரு அச்சுக்களின் பெறுமானங்களைக் கூட்டிப் பெறப்பட்டது என்பதை வாசகர் உணர்தல் வேண்டும்.

வேகவீச்சாளருக்குச் சுழற்சி குறைந்த தலையே ஏற்றது என்பது பரவலான கருத்து. அது அரை உண்மையே. முகம் 2 பாகை திறந்திருந்தால் 200 மீற்றர் தொலைவில் பந்து ஏறத்தாழ 7 மீற்றரும், 270 மீற்றர் தொலைவில் 9 மீற்றருக்கு மேலும் விலகும். பக்கவளைவு இதற்கு மேலதிகம். வேகம் கூடக்கூடப் பிழையின் விலையும் கூடுகின்றது. எனவே மையத்தில் ஒழுங்காக அடிப்பவருக்கு முன்மையத் தலையும், அடிகள் முகமெங்கும் சிதறுபவருக்குப் பின்மையத் தலையும் பொருந்தும். பின்னவர் சாய்கோணத்தைச் சற்றுக் குறைத்து, மிகையான சுழற்சியைத் தணித்துக்கொள்ளலாம்.

தண்டைத் தெரிதல்

தண்டைப் பற்றியே மிகுதியான மயக்கங்கள் நிலவுகின்றன. தண்டு சவுக்குப்போல நிமிர்ந்து பந்தை உந்துகின்றது என்பது அவற்றுள் ஒன்று. அலஸ்ரயர் கொக்ரனும் ஜோன் ஸ்ரொப்சும் 1968 இல் வெளியிட்ட ஆய்வு நூலில், மோதும் கணத்தில் தலை தண்டோடு இணையாத சுயாதீனமான பொருளைப்போலவே இயங்குகின்றது என நிறுவினர். அரை மில்லிச்செக்கனுக்குள் கையின் விசை தண்டின் வழியாக வந்து மோதலை மாற்ற இயலாது. தண்டின் பணி அதற்கு முன்பே முடிந்துவிடுகின்றது. தலையை எந்நிலையில், எக்கோணத்திற் பந்திடம் சேர்ப்பது என்பதே அப்பணி.

கீழ்வீச்சின் இறுதியில் தலை வெளிநோக்கி இழுக்கப்படுகின்றது. வேகவீச்சாளரிடம் இவ்விழுவை 300 நியூற்றனுக்கு மேற்பட்டதாகும். தலையின் ஈர்வை மையம் தண்டின் அச்சிலன்றி அதற்குப் பின்னேயும் வெளியேயும் இருப்பதனால், இவ்விழுவை தண்டை முன்னோக்கி வளைக்கின்றது. தலையின் வெளிநுனியைக் கீழே தாழ்த்துகின்றது. முன்வளைவு சாய்கோணத்தைக் கூட்டுகின்றது. விறைப்பான தண்டு, சிறப்பாக நுனி விறைத்த தண்டு, இவ்வளைவைக் குறைத்துப் பந்தைச் சற்றுத் தாழ்வாக அனுப்பும். இம்மாற்றம் உண்மையே, ஆயினும் சிறியது. விறைப்பை மாற்றுவதால் மட்டும் வீச்சின் கதி குறிப்பிடத்தக்க அளவு கூடுவதில்லை.

விறைப்பைக் குறிக்கும் ஆர், எஸ், எக்ஸ் என்னும் எழுத்துக்களுக்குத் தொழிலில் பொது நியமம் எதுவுமில்லை. ஒரு நிறுவனத்தின் எஸ் மற்றொன்றின் ஆர் ஆகலாம். பிடிப்பக்கத்தைப் பற்றுகருவியில் இறுக்கி, நுனியை அதிரவைத்து, நிமிடத்துக்கு எத்தனை அதிர்வுகள் என எண்ணுவதே நம்பத்தக்க ஒப்பீடாகும். அதுவும் நீளமும் நுனிப்பாரமும் ஒத்த தண்டுகளுக்கிடையிலேயே பொருந்தும். மேலும், தண்டின்மீது விழும் சுமையை இறுதிக் கதி மட்டும் தீர்மானிப்பதில்லை. மேல்வீச்சிலிருந்து கீழ்வீச்சுக்குத் திரும்பும் விரைவும் தீர்மானிக்கின்றது. ஒரே 115 மைல் கதியுடைய இருவருள், திடீரெனத் திரும்புபவருக்கு விறைத்த தண்டும், நிதானமாகத் திரும்புபவருக்கு ஒருபடி நெகிழ்ந்த தண்டும் ஏற்றவையாகலாம்.

நிறையும் முறுகலும் அடுத்துக் கவனிக்கத்தக்கவை. வேகவீச்சாளர் பலர் 60 முதல் 75 கிராம் வரையான காபன் தண்டுகளைக் கையாள்கின்றனர். நெடுக்காக இடப்படும் இழைகள் வளைவையும், 45 பாகையிற் குறுக்காக இடப்படுவன முறுகலையும் எதிர்க்கின்றன. உருக்கினாற் செய்யமுடியாத இப்பிரிப்பே காபன் தண்டின் பெருஞ்சிறப்பு. மிக இலேசான தண்டு சிலருக்குக் கதியைக் கூட்டும். வேறு சிலருக்கு மட்டையின் இருப்பிடத்தை உணரும் ஆற்றலைக் குறைத்து அடிகளைச் சிதறச் செய்யும். நீளத்துக்கும் இது பொருந்தும். 46 அங்குலத்திலும் 45 அங்குலத்தில் மையத்தைச் சந்திப்பது எளிது. மையம் தவறிய நீண்ட மட்டை, நீளத்தாற் பெற்ற கதியைத் தானே இழந்துவிடுகின்றது.

இவற்றுள் எது தமக்கு உகந்தது என்பதை அறியச் செய்யத்தக்கது ஆய்வுகூடத்தின் பழைய விதியையே பின்பற்றுதலாகும்: ஒரு வேளையில் ஒரு மாறியை மட்டும் மாற்றுக. ஒரே தலையில் மூன்று தண்டுகளைப் பொருத்தி, ஒவ்வொன்றாலும் பத்துப் பந்துகளேனும் அடித்து, எழுகோணம், சுழற்சி, விலகல் ஆகியவற்றை றேடார்க் கருவியாற் பதிவுசெய்க. பின்னர் தண்டை நிலைநிறுத்தித் தலையை மாற்றுக. பத்துள் மிகத் தொலைவு சென்ற ஒரு பந்தைக் கொண்டு முடிவுகட்டுவதே பொதுவான தவறு. விற்பனை நிலையங்களும் அந்த ஒன்றையே எடுத்துக்காட்டுகின்றன. நோக்கவேண்டியது பத்தின் சராசரியும் அவற்றின் பரம்பலுமாகும்.

விதியும் வரம்பும்

மெல்லிய முகம் மோதலின்போது உள்வளைவதால் பந்து குறைவாக நசுங்குகின்றது. நசுங்கலில் வீணாகும் சக்தி மீதமாகின்றது. முகத்தின் இந்நெகிழ்வை ஊசலொன்றைக் கொண்டு சோதிக்கின்றனர். தொடுகை நேரம் 239 மைக்ரோ செக்கனாகவும், சகிப்பெல்லை மேலும் 18 ஆகவும் வகுக்கப்பட்டுள்ளன. உற்பத்தியாளர் இவ்வெல்லையின் விளிம்புவரை செல்வதனால் புதியதொரு சிக்கல் தோன்றியது. பலமுறை அடிபட்ட முகம் வெடிப்பதற்கு முன் மேலும் நெகிழ்ந்து, எவருடைய தவறுமின்றியே வரம்பைக் கடந்துவிடுகின்றது. வேகவீச்சாளரிடம் இது விரைவாக நிகழும். 2019 இல் சாண்டர் சொவ்லேயின் மட்டையும், 2025 அமெரிக்கத் தொழில்முறையாளர் சங்கப் போட்டிக்கு முன் றோரி மக்கில்றோயின் மட்டையும் இச்சோதனையிற் தவறின. பின்னைய போட்டியை வென்ற ஸ்கொட்டி ஷெவ்லர், தமது மட்டையும் அவ்வாறே தவறியதெனத் தாமே கூறினார். தமக்குப் பழகிய மட்டையைப்போன்ற இன்னொன்றை ஆயத்தமாக வைத்திருத்தல் வேகவீச்சாளருக்கு ஆடம்பரமன்று; தேவையாகும்.

இதனிலும் பெரிய வினா ஒன்றுண்டு. பந்து மேலும் மேலும் தொலைவு சென்றால் மைதானமும் நீளவேண்டும். நிலமும் நீரும் பராமரிப்புச் செலவும் அதனோடு வளரும். இவ்வளர்ச்சி விரும்பத்தக்கதன்று என விதிவகுக்கும் இரு அமைப்புக்களும் 2020 இல் அறிக்கையிட்டன. 2022 முதல் உயர்மட்டப் போட்டிகளில் மட்டையின் நீளத்தை 46 அங்குலத்துக்கு மட்டுப்படுத்த இடமளிக்கப்பட்டது. பந்தைச் சோதிக்கும் வீச்சுக் கதியை 120 மைலிலிருந்து 125 ஆக உயர்த்தும் முடிவு 2023 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. மிகு வேகவீச்சாளரின் தொலைவையே இது பெரிதுங் குறைக்கும்.

முடிவுரை

ஒரு ட்றைவரின் விலை இன்று 500 அமெரிக்க டொலரைக் கடந்துவிட்டது. அப்பணத்துக்கு ஈடாக விற்கப்படுவது வேகம். உண்மையில் மட்டை தரக்கூடியது பொருத்தம். வேகம் ஆட்டக்காரரின் உடலுழைப்பிலிருந்தும் பயிற்சியிலிருந்தும் பிறப்பது. அவ்வுழைப்பு வீணாகாமற் பந்தைச் சென்றடையச் செய்வதே தலையினதும் தண்டினதும் பணியாகும். கருவி மனிதனுக்கு அளவாக வேண்டுமேயன்றி மனிதன் கருவிக்கு அளவாதல் கூடாது. ஹிக்கரித் தண்டின் காலத்தில் இதனை ஆட்டக்காரர் தம் கைகளினால் அறிந்திருந்தனர். இன்று அதனை அளவீட்டினாலும் அறிய முடிகின்றது. அளவீடு விற்போரிடம் மட்டும் இருக்கும்வரை அது விளம்பரமாகவே நிற்கும். வாங்குவோரும் அதனைப் புரிந்துகொள்ளும்போதே அது அறிவாகின்றது.