செவிலி கண்ட மஞ்சள் முக்கோணம்

திண்டிவனம் பக்கத்துக் கிராமங்களில் இந்தக் காட்சியை நீங்கள் பார்த்திருக்கலாம். பிறந்து நான்கைந்து நாளான குழந்தையைப் பாட்டி திண்ணையில் மடியில் கிடத்தி, இளவெயில் காட்டுவார். "பிள்ளை மஞ்சளா இருக்கு, வெயில் பட்டாப் போயிடும்" என்பார். பாட்டி சொல்வது சரிதானா?

முதலில், இந்த மஞ்சள் எங்கிருந்து வருகிறது? இரத்தச் சிவப்பணுக்கள் சிதையும்போது பிலிருபின் என்ற மஞ்சள் நிறப் பொருள் உண்டாகிறது. கல்லீரல் அதை மாற்றிப் பித்தநீர் வழியே வெளியேற்றும். பச்சிளங்குழந்தையின் கல்லீரலுக்கு இந்த வேலை இன்னும் பழகவில்லை. ஆகவே பல குழந்தைகள் மஞ்சளாகி, சில நாட்களில் தாமே தெளிந்துவிடுகிறார்கள்.

ஆனால் தாயின் இரத்தம் ஆர்.எச். நெகட்டிவாகவும் சேயின் இரத்தம் பாசிட்டிவாகவும் இருந்தால்? தாயின் உடலில் உண்டான எதிர்ப்பொருள்கள் சேயின் சிவப்பணுக்களை அழிக்கக்கூடும். அப்போது பிலிருபின் மளமளவென்று ஏறும். அது மூளையில் படிந்தால் காது கேளாமை, கை கால் முடக்கம், ஏன், மரணமே நேரலாம்.

1956-ஆம் ஆண்டு. இங்கிலாந்தில் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் வார்டு என்ற செவிலி, குறைமாதக் குழந்தைகளை முற்றத்து வெயிலுக்குக் கொண்டு செல்வது வழக்கம். ஒருநாள் ஒரு குழந்தையை மருத்துவர்களிடம் காட்டினார். உடல் வெளுத்திருந்தது, ஒரு முக்கோண இடம் மட்டும் நல்ல மஞ்சள்! துணியின் முனை மூடியிருந்த இடம் அது. வெயில் பட்ட இடத்தில் மஞ்சள் குறைந்திருந்தது. சில வாரங்களுக்குப்பின், சன்னலோரம் வெயிலில் இருந்துவிட்ட இரத்தக் குழாயிலும் பிலிருபின் குறைந்திருந்தது. மருத்துவர் கிரெமரும் குழுவினரும் விளக்குகளால் ஒளிச்சிகிச்சைக் கருவி அமைத்து, 1958-இல் முடிவுகளை வெளியிட்டார்கள்.

ஒளி என்ன செய்கிறது? ஏறத்தாழ 460 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளி, பிலிருபின் மூலக்கூறின் வடிவத்தை மாற்றுகிறது. புதிய வடிவம் நீரில் எளிதில் கரையும். கல்லீரல் அதை மாற்றாமலேயே பித்தத்திலும் சிறுநீரிலும் வெளியேறும்.

இன்றும் இச்சிகிச்சையில் பெரும்பொறுப்பு செவிலியர்களுடையதே. குழந்தையின் கண்களை மூடிக் கட்டுவது, உடல் வெப்பம் பார்ப்பது, இரண்டு மூன்று மணிக்கொருமுறை தாய்ப்பால் கொடுக்கச் செய்வது, எடையும் சிறுநீரும் கவனிப்பது எல்லாம் அவர்கள் வேலை. எதிர்ப்பொருள் இன்னும் உண்டாகாத ஆர்.எச். நெகட்டிவ் தாய்க்கு, குழந்தை பாசிட்டிவ் என்றால், 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போடுவதும் முக்கியம். அது அடுத்த குழந்தையைக் காக்கும்.

ஆக, பாட்டி சொன்னதில் பாதி உண்மை. ஆனால் வெயிலுக்கு அளவில்லை. குழந்தைக்குச் சூடோ குளிரோ தாக்கலாம். பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தோன்றினாலோ, உள்ளங்கை, பாதம் வரை பரவினாலோ, குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ, திண்ணையில் காத்திருக்கக் கூடாது. திண்டிவனம் அரசு மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்ல வேண்டும். அடுத்தமுறை பாட்டியிடம் இதை நீங்கள் சொல்லலாமே!