உங்களுக்குத் தெரியுமா? - இடுப்பில் பிள்ளை, நடுவில் உடற்பயிற்சி!

கைக்குழந்தை இருக்கும் வீட்டில் முழுசாக ஒரு மணி நேரம் யாருக்கும் வாய்ப்பதில்லை. குழந்தை அயர்ந்த இருபது நிமிடம், குக்கர் மூன்று விசில் விடும் நேரம், பால் பொங்குவதற்குள் ஐந்து நிமிடம் என்று பொழுது துண்டு துண்டாகத்தான் கைக்கு வரும். "உடம்பைக் குறைக்கணும், நேரம்தான் இல்லை" என்று சொல்லும் ஒவ்வொரு அம்மாவுக்காகவும் அப்பாவுக்காகவும் இந்த வாரத் துளிகள்.

துண்டு நேரமும் கணக்கில் வரும்

ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் உடற்பயிற்சி என்று 2010-இல் உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தது. 2020-இல் வெளியிட்ட புதிய வழிகாட்டுதலில் அந்த நிபந்தனையை நீக்கிவிட்டது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும். அதை எத்தனை துண்டாகவும் பிரித்துக்கொள்ளலாம். 150 நிமிடத்தை ஏழு நாளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 22 நிமிடம். காலையில் ஏழு, மதியம் ஏழு, சாயங்காலம் எட்டு. பிரசவமான பெண்களுக்கும் இதே 150 நிமிடம்தான் இலக்கு.

தாலாட்டே அளவுகோல்

மிதமான வேகம் எது என்று கண்டுபிடிக்க மெஷின் எதுவும் வேண்டாம். நடக்கும்போது பேச வரணும், பாட வரக்கூடாது. மொட்டை மாடியில் நடந்துகொண்டே தாலாட்டை மூச்சு வாங்காமல் முழுசாகப் பாட முடிகிறதா? இன்னும் கொஞ்சம் எட்டிப் போடலாம்.

ஒரு கிலோவிலிருந்து 60 கிராம்

பிரசவம் முடிந்தவுடன் கர்ப்பப்பையின் எடை சுமார் ஒரு கிலோ. ஒரே வாரத்தில் அது அரை கிலோவாகச் சுருங்கும். ஆறு வாரத்தில் சுமார் 60 கிராமுக்கு வந்துவிடும். உள்ளே இவ்வளவு பெரிய வேலை நடந்துகொண்டிருக்கும்போது, குழந்தையைப் பார்க்க வந்தவர்கள் "வயிறு இன்னும் வத்தலையே" என்று கேட்பது நியாயமே இல்லை. அந்த ஆறு வாரம் உடம்பு தேறுவதற்கான காலம்.

துணி கட்டினால் கொழுப்பு கரையாது

வயிற்றைச் சுற்றிப் பருத்திப் புடவையை இறுக்கிக் கட்டுவது நம் வீடுகளில் பழைய வழக்கம். இடுப்புக்குத் தாங்கலாக இருக்கும், எழுந்து உட்காரத் தெம்பு தரும். கொழுப்பைக் கரைக்கும் சக்தி அதற்கு இல்லை. வயிறு தள்ளியே இருப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. கர்ப்ப காலத்தில் வயிற்றின் நடுவே இரண்டு பக்கத் தசைகளும் விலகிக்கொள்ளும். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தலையை மட்டும் லேசாகத் தூக்கி, தொப்புளுக்கு மேலும் கீழும் விரல்களை வைத்துப் பாருங்கள். இரண்டு விரலுக்கு மேல் பள்ளமாக உள்ளே போனால் பிசியோதெரபிஸ்டைப் பார்ப்பது நல்லது. அதுவரை படுத்து எழும் சிட்-அப் வேண்டாம்.

பால் கொடுத்துக்கொண்டே ஒரு பயிற்சி

இடுப்புக்குழித் தசைகளுக்கான பயிற்சியை 1948-இல் பிரபலமாக்கியவர் ஆர்னால்ட் கெகல் என்ற அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர். சிறுநீரை அடக்குவதுபோல் அந்தத் தசையை உள்ளிழுத்து, ஐந்து எண்ணும்வரை பிடித்து, பிறகு தளர்த்தணும். ஒரு தடவைக்குப் பத்து முறை, நாளுக்கு மூன்று தடவை. பால் கொடுக்கும்போதே செய்யலாம், பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. சிறுநீர் கழிக்கும்போது மட்டும் செய்யக்கூடாது. தும்மினால், சிரித்தால் சொட்டுச் சொட்டாகப் போகிறது என்பதைப் "பிள்ளை பெத்தா அப்படித்தான்" என்று சகித்துக்கொள்ளத் தேவையில்லை. அதற்கு வைத்தியம் இருக்கிறது.

சிசேரியன் என்றால்?

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏறக்குறைய 45 பிரசவங்கள் சிசேரியன். அது பெரிய அறுவை சிகிச்சை என்பதை வீட்டில் எல்லோரும் நினைவில் வைக்கணும். முதல் சில வாரங்களுக்குக் குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்கக்கூடாது. தண்ணீர்க் குடமும் கிரைண்டர் கல்லும் மற்றவர்கள் பொறுப்பு. வீட்டுக்குள் மெதுவாக நடப்பதுதான் தொடக்கம். அதற்கு மேல் எதுவானாலும் டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகுதான்.

ஓட்டத்துக்கு 12 வாரம் பொறுங்கள்

சுகப்பிரசவமோ சிசேரியனோ, ஓடவும் குதிக்கவும் குறைந்தது 12 வாரம் ஆகட்டும் என்று பிரிட்டனைச் சேர்ந்த பிசியோதெரபிஸ்டுகள் 2019-இல் வழிகாட்டுதல் வெளியிட்டார்கள். அடிவயிறு கனக்கிறது, ஏதோ கீழே இறங்குவதுபோல் இருக்கிறது என்றால், அந்தக் கணக்கும் செல்லாது. உடனே நிறுத்தணும்.

தாய்ப்பால் வற்றாது

"எக்சர்சைஸ் பண்ணினா பால் வத்திடும்" என்ற பயம் நிறைய வீடுகளில் உண்டு. 1994-இல் அமெரிக்காவில் தாய்ப்பால் மட்டுமே கொடுத்த அம்மாக்களை 12 வாரம் பயிற்சி செய்ய வைத்துப் பார்த்தார்கள். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு 45 நிமிடம் வரை. பாலின் அளவும் குறையவில்லை, குழந்தையின் வளர்ச்சியும் குறையவில்லை. 2000-இல் வந்த இன்னொரு ஆய்வில், அதிக எடை இருந்த அம்மாக்கள் பால் கொடுத்துக்கொண்டே வாரத்துக்கு அரை கிலோ வீதம் குறைத்தார்கள். குழந்தைகள் நன்றாகவே வளர்ந்தார்கள். அந்த அரை கிலோதான் எல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பால் கொடுத்துவிட்டுப் பயிற்சியைத் தொடங்கினால் மார்பில் பாரம் தெரியாது.

பட்டினி கூடவே கூடாது

பால் கொடுக்கும் தாய்க்கு முதல் ஆறு மாதம் நாளுக்கு 600 கலோரியும், அடுத்த ஆறு மாதம் 520 கலோரியும் வழக்கத்தைவிடக் கூடுதலாக வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். கூடுதல் என்பது நெய்யும் இனிப்பும் மட்டும் இல்லை. முட்டை, மீன், பயறு, கீரை, சுண்டல் என்று சேரணும். பத்தியம் என்ற பெயரில் காய்கறியை ஒதுக்குவதும், உடம்பு குறைய வேண்டும் என்று ராத்திரிச் சாப்பாட்டை விடுவதும் தாயைத்தான் வாட்டும்.

தட்டில் மிஞ்சிய அரை தோசை

குழந்தை கடித்து வைத்த தோசை, இரண்டு வாய் நெய்ச்சோறு, பாதி பிஸ்கட். சோற்றை வீணாக்க மனசு வராமல் அது அம்மா வாய்க்குத்தான் போகும். வேளைக்கு 50 கலோரி என்று வைத்தாலும் மூன்று வேளைக்கு 150 ஆகிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் அதைச் செலவழிக்க முக்கால் மணி நேரம் நடக்கணும். முதலிலேயே கொஞ்சமாகப் பரிமாறி, கேட்டால் மறுபடி வைத்தால் மிச்சமே விழாது.

நாலு டீ, எட்டு ஸ்பூன்

தூக்கக் கலக்கத்துக்கு டீதான் துணை. ஒரு டீஸ்பூன் சர்க்கரை 4 கிராம். டம்ளருக்கு இரண்டு ஸ்பூன், நாளுக்கு நாலு டீ என்றால் 32 கிராம். நாள் முழுக்கச் சேர்த்தே 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு ஸ்பூனாகக் குறைத்தால் 16 கிராம்தான் ஆகும்.

ஓடிப் பிடித்தால் கலோரி கூடும்

சும்மா உட்கார்ந்திருப்பதைப்போல் எத்தனை மடங்கு சக்தி செலவாகிறது என்று ஒவ்வொரு வேலைக்கும் ஆராய்ச்சியாளர்கள் பட்டியல் வைத்திருக்கிறார்கள். குழந்தையோடு சாதாரணமாக ஓடியாடினால் 3.5 மடங்கு. விடாமல் துரத்தி ஓடினால் 5.8 மடங்கு. கண்ணாமூச்சியில் பெஞ்சில் உட்கார்ந்து "எங்கே, எங்கே" என்று கேட்காமல் நீங்களும் ஓடி ஒளிந்துகொள்ளுங்கள். பாண்டிக் கட்டத்தில் நீங்களும் நொண்டியடியுங்கள்.

அவர்களுக்கும் 180 நிமிடம்

ஒன்று முதல் நாலு வயது வரையுள்ள குழந்தை நாளுக்கு 180 நிமிடம் ஆடி ஓடணும். ஒரு வயதுக்குள் இருக்கும் தவழாத குழந்தையை விழித்திருக்கும்போது 30 நிமிடமாவது குப்புறப் படுக்க வைத்து விளையாட்டுக் காட்டணும். அது தலையைத் தூக்கிப் பழகும் அதே பாயில் நீங்களும் முழங்கையை ஊன்றி, உடம்பை நேராக நிறுத்திப் பாருங்கள். இருவரும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொள்வீர்கள்.

தோப்புக்கரணம் எண்ணிய விரல்கள்

என் மகளுக்கு இரண்டரை வயது. அவள் விழித்தவுடன் பிள்ளையார் படத்துக்கு முன்னால் இருவரும் தோப்புக்கரணம் போடுவோம். எண்ணுவது அவள்தான். "ஒண்ணு, ரெண்டு, அஞ்சு, ரெண்டு..." என்று வரிசை தப்பித் தப்பிப் போகும். அவளுக்குப் பத்து வருவதற்குள் எனக்கு இருபது முடிந்திருக்கும். தொடை, இடுப்பு, கெண்டைக்கால் மூன்றுக்கும் ஒரே பயிற்சி அது. முதுகு நிமிர்ந்திருக்கணும், குதிகால் தரையை விட்டு எழும்பக்கூடாது. நடையோடு வாரத்தில் இரண்டு நாளாவது இப்படித் தசைக்கான பயிற்சியும் வேண்டும்.

இட்லி வேகும் நேரம்

இட்லி வேகப் பத்து நிமிடம். சுவரில் கை ஊன்றித் தண்டால் பத்து, சமையல் மேடையைப் பிடித்துக் குதிகால் உயர்த்தி இறக்குவது இருபது, ஸ்டூலில் உட்கார்ந்து எழுவது பத்து. கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு இன்னொரு சுற்று. மூடியைத் திறக்கும்போது பயிற்சியும் முடிந்திருக்கும்.

எப்போதும் இடது இடுப்பிலா?

வலக்கையால் வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் குழந்தையை இடது இடுப்பிலேயே வைத்துக்கொள்வார்கள். ஒரு பக்கமாகவே உடம்பு சாய்ந்து கீழ்முதுகில் வலி பிடிக்கும். பக்கத்தை மாற்றி மாற்றி வையுங்கள். தரையிலிருந்து தூக்கும்போது முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி, குழந்தையை நெஞ்சோடு அணைத்த பிறகு எழுந்திருங்கள். குழந்தையைத் துணியில் கட்டிக்கொண்டு நடக்கலாம். ஓடவோ குதிக்கவோ கூடாது, அதன் கழுத்து தாங்காது.

தூக்கமும் எடை குறைக்கும்

2008-இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வு இது. பிரசவமாகி ஆறு மாதத்தில் ஐந்து மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ தூங்கிய அம்மாக்களுக்கு, ஒரு வருடம் ஆன பிறகும் ஐந்து கிலோவுக்கு மேல் எடை தங்கிப்போகும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. ராத்திரி ஒருமுறை அப்பா எழுந்து குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டினால், அம்மாவின் எடைக்கும் அது உதவிதான்.

பத்தாயிரம் அடி எங்கிருந்து வந்தது?

1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த நடைமானி ஒன்றின் பெயருக்கே 'பத்தாயிரம் அடி மானி' என்று அர்த்தம். அந்த எண்தான் உலகம் முழுக்கப் பரவியது. போனில் 4,000 அடி காட்டுகிறதே என்று மனம் தளர வேண்டாம். நேற்று 3,000 என்றால் இன்று 4,000 முன்னேற்றம்தான்.

நம் உடம்புக்குத் தனி அளவு

இந்தியர்களுக்கு பி.எம்.ஐ. 23 தொட்டாலே அதிக எடை. 155 செ.மீ. உயரமுள்ளவருக்கு அது சுமார் 55 கிலோ. இடுப்புச் சுற்றளவு பெண்ணுக்கு 80 செ.மீ., ஆணுக்கு 90 செ.மீ. தாண்டக்கூடாது. எடை மெஷின் இல்லாவிட்டால் டெய்லர் டேப் போதும்.

கர்ப்பத்தில் சுகர் வந்ததா?

கர்ப்பகாலச் சர்க்கரை நோயைக் கண்டறியும் எளிய பரிசோதனை முறையை நாட்டுக்குத் தந்தவர்களில் முதன்மையானவர் சென்னை மருத்துவர் வி.சேஷய்யா. அவர் பிறந்த நாளான மார்ச் 10, இந்தியாவில் அந்த நோய்க்கான விழிப்புணர்வு நாள். பிரசவத்தோடு சுகர் போய்விட்டது என்று விட்டுவிடாமல் ஆறு வாரம் கழித்து மறுபடி பரிசோதிக்கணும். கர்ப்பத்தில் சுகர் வந்தவர்களுக்குப் பின்னாளில் சர்க்கரை நோய் வரும் அபாயம் பல மடங்கு. தினசரி நடை அவர்களுக்கு மருந்துக்குச் சமம்.

மனசு கனத்தால்

உடற்பயிற்சி பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைத் தணிக்கும். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் அழுகையும் வெறுமையும் தொடர்ந்தால், குழந்தையின் மேலும் ஒட்டுதல் வராவிட்டால், நடையை மட்டும் நம்பி இருக்கக்கூடாது. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்குப் போன் செய்தால் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

ஆறு மாதத்தில் இரண்டு தங்கம்

சென்னையின் ஸ்குவாஷ் வீராங்கனை தீபிகா பள்ளிக்கலுக்கு 2021 அக்டோபரில் இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. 2022 ஏப்ரலில் கிளாஸ்கோவில் ஜோஷ்னா சின்னப்பாவுடன் பெண்கள் இரட்டையரிலும், சௌரவ் கோஷலுடன் கலப்பு இரட்டையரிலும் உலகச் சாம்பியன் ஆனார். அவர் பல வருடம் பயிற்சி எடுத்த வீராங்கனை. அந்த வேகத்தை உங்கள் உடம்பிடம் கேட்க வேண்டாம். தாய்மையோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை என்ற தைரியத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

காலண்டரில் ஒரு வரி

எங்கள் எதிர் வீட்டுச் சமையலறையில் தினசரிக் காலண்டருக்குக் கீழே ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. "6 முதல் 6.25 - தாத்தா. ராத்திரி 8 முதல் 8.20 - அப்பா." அந்த நேரத்தில் பிள்ளை அவர்கள் கையில். அந்த வீட்டு மருமகள் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைக் கோயில்வரை நடந்துவிட்டு வருவாள். முதல் நாள் பிள்ளை அழுததாம், அவள் பாதியில் திரும்பிவிட்டாள். மாமியார்தான், "நான் பார்த்துக்கறேன், நீ முடிச்சிட்டு வா" என்று மறுபடி அனுப்பி வைத்தார். நேற்று பார்த்தேன். தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு பிள்ளையும் வாசலில் நிற்கிறான், தன் குட்டிச் செருப்பைத் தானே மாட்டிக்கொண்டு.